சைக்கிளுக்கு நட்டு மாட்டியபடி கேட்ட ஒரு கேள்விக்கு நன்றி

அன்புள்ள எல்லோருக்கும்,

மருத்துவமனையிலிருந்து வீட்டுக்கு வந்து இன்றோடு 35 நாள். காலையில் யார் கையையும் பிடிக்காமல் மாடிப்படி ஏறினேன். மேலே போய் நின்றதும் அழுகை வந்துவிட்டது. கண் காய்வதற்குள் எழுதிவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன். நாற்காலியில் முதுகு சாய்த்து, நன்றாக, முழுசாக உட்கார்ந்திருக்கிறேன். இதைத் தனியாகச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது, வருகிறேன்.

அந்த வியாழக்கிழமை இரவையும் அடுத்த மூன்று நாளையும் திரும்பச் சொல்லப் போவதில்லை. உங்களில் பாதிப் பேர் அங்கேயே நின்றீர்கள், மீதிப் பேர் போனைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு தூங்காமல் இருந்தீர்கள். ரத்தம் கொடுத்தவர்கள், நடு இரவில் அதற்காக ஆள் தேடி அலைந்தவர்கள், என் மேஜை வேலையைப் பிரித்து எடுத்துக்கொண்ட அலுவலகத் தோழிகள், பேத்தியைத் தங்கள் பிள்ளையோடு சேர்த்துப் பள்ளிக்கு அனுப்பிவைத்த பக்கத்து வீட்டார், எந்த நேரத்தில் கூப்பிட்டாலும் முகம் சுளிக்காத அந்த இரவுப் பணி நர்ஸ், கண்டிப்பும் கனிவுமாக என்னை நடக்க வைத்த பிசியோதெரபிஸ்ட், எல்லோருக்கும் என் நன்றி. தனித்தனியாக வந்து சொல்வேன். இப்போதைக்கு மொத்தமாக ஏற்றுக்கொள்ளுங்கள்.

உங்களுக்கு நான் ஒரு பதிலும் பாக்கி வைத்திருக்கிறேன். ரத்தம் கேட்டபோது என்ன ஆபரேஷன் என்று நாங்கள் சொல்லவில்லை. 'லேடீஸ் ப்ராப்ளம்' என்றோம். அந்த இரண்டு வார்த்தைக்கு மேல் நீங்களும் கேட்கவில்லை. பெயர்கூடத் தெரியாத ஒன்றுக்கு உடம்பிலிருந்து ரத்தம் கொடுத்திருக்கிறீர்கள். அதன் பெயரை இப்போது சொல்கிறேன். எனக்குக் கர்ப்பப்பை இறங்கியிருந்தது. ஆறு வருஷமாக. அதை எடுத்துவிட்டு, தளர்ந்துபோன இடங்களை இழுத்துத் தைத்தார்கள்.

இதை இப்படிப் போட்டு உடைத்து எழுத எனக்குக் கற்றுக்கொடுத்தவர் என் மாப்பிள்ளை. இந்த மடலில் பெரும்பகுதி அவருக்குத்தான்.

நாலு மாசத்துக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை. பேத்தியின் சைக்கிளில் பக்கச் சக்கரம் ஆடுகிறது என்று அவர் அதைத் தலைகீழாகக் கவிழ்த்துப் போட்டுச் சரிசெய்துகொண்டிருந்தார். மகள் உள்ளே குழந்தையைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தாள். என்னிடம் நாலு நட்டைக் கொடுத்து, "கொஞ்சம் பிடிச்சுக்குங்க அத்தை, உருண்டு ஓடிடும்" என்றார். நான் வாங்கிக்கொண்டு பக்கத்தில் நின்றேன். உட்காரச் சொன்னார். நாற்காலி நுனியில் உட்கார்ந்தேன். ஸ்பேனரைத் திருப்பிக்கொண்டே, தலையை நிமிர்த்தாமல் கேட்டார்:

"அத்தை, உங்களுக்குக் கர்ப்பப்பை இறங்கியிருக்கா?"

ஒரு நட்டைக் கேட்பது போலத்தான் கேட்டார். அதே குரல். கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை.

எனக்குக் காது அடைத்துப்போனது. நாலு நட்டையும் இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். அன்று இரவு பார்த்தபோதும் உள்ளங்கையில் அறுகோணமாக அந்தத் தடம் இருந்தது. மாமியாரும் மாப்பிள்ளையும் பேசிக்கொள்கிற பேச்சா இது? அவருக்கு எதிரில் நான் கால் நீட்டி உட்கார்ந்ததுகூட இல்லை. எழுந்து போய்விடலாமா என்று நினைத்தேன். அதற்குள் அவரே பேசினார்.

"எங்கம்மாவுக்கு இருந்துச்சு. கடைசி வரைக்கும் யார்கிட்டயும் சொல்லல. அவங்க போனதுக்கப்புறம் அலமாரியை ஒழிச்சப்பதான் அடியில மடிச்சு மடிச்சு வெச்சிருந்த துணியைப் பார்த்தோம். சித்திதான் என்னன்னு சொன்னாங்க. அம்மாவும் இப்படித்தான் நாற்காலி நுனியில உட்காருவாங்க. ரெண்டு மாசமா உங்களைப் பார்த்துட்டே இருக்கேன். எப்படிக் கேக்கறதுன்னு தெரியல. கேக்காம விட்டா அம்மாவுக்கு விட்ட மாதிரி ஆயிடும்."

"ஆமா" என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. அவருக்குக் கேட்டது.

"எவ்வளவு நாளா?"

"ஆறு வருஷம்."

'ஆறு வருஷமா! ஏன் சொல்லவில்லை?' என்று கேட்பார் என நினைத்து உடம்பைக் குறுக்கிக்கொண்டேன். அவர் கேட்கவில்லை. "சரி" என்றார். "வலிக்குதா, இல்ல கனமா இழுக்கற மாதிரி இருக்கா?"

இந்த இரண்டாவது கேள்வியைப் பற்றி அதற்குப் பிறகு எத்தனையோ தடவை நினைத்துப் பார்த்திருக்கிறேன். அன்று அவர் ஏன் சொல்லவில்லை என்று கேட்டிருந்தால் நான் குற்றவாளியாகப் பதில் சொல்லியிருப்பேன். ஏதாவது சாக்குச் சொல்லி மறுபடி மூடிக்கொண்டிருப்பேன். வலிக்கிறதா என்று கேட்டதும் வாய் தானாகத் திறந்தது. ஒரு பந்தின் மேல் உட்கார்ந்தது மாதிரி இருக்கும், காலையில் தேவலை, சாயங்காலம் ஆக ஆக இழுக்கும், படுத்தால் குறையும் என்று சொன்னேன். சில நாள் கையால் உள்ளே தள்ளிவிட்டால்தான் சிறுநீர் போகிறது என்பதையும் சொன்னேன். பெற்ற மகளிடம் சொல்லாததை, கட்டிக்கொண்டவரிடம் சொல்லாததை, ஒரு கவிழ்ந்த சைக்கிளைப் பார்த்தபடி சொன்னேன்.

"அவகிட்ட நீங்க சொல்றீங்களா, நான் சொல்லட்டுமா?" என்றார். நானே சொல்கிறேன் என்றேன். தலையாட்டினார். சக்கரம் எப்போதோ நின்றுவிட்டது, ஆட்டம் இல்லை. ஆனால் அவர் எழுந்து போகவில்லை. இறுக்கின நட்டையே இன்னொரு முறை இறுக்கினார். நான் முகத்தைத் துடைத்துக்கொள்ளும் வரை இறுக்கிக்கொண்டே இருந்தார்.

மாப்பிள்ளை, அந்த நேரத்துக்கு நன்றி. என் முகத்தை நிமிர்ந்து பார்க்காமல் இருந்ததற்கு நன்றி. உங்கள் அம்மாவை எனக்காக எடுத்துச் சொன்னதற்கு நன்றி. அவரை நான் இரண்டே முறைதான் பார்த்திருக்கிறேன். இப்போது தினமும் நினைக்கிறேன்.

அன்று இரவு மகளிடம் சொன்னேன். என்னைத் திட்டினாள், பிறகு என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள். அடுத்து அவள் அப்பாவிடம். அவர் ரொம்ப நேரம் ஒன்றும் பேசவில்லை. ஆறு வருஷமாக நான் விலகிப் படுத்ததை வயசாகிவிட்டது, விருப்பம் போய்விட்டது என்று அவர் எடுத்துக்கொண்டிருந்தார். கேட்டால் நான் சங்கடப்படுவேன் என்று அவர் கேட்கவில்லை, சொன்னால் அருவருப்பார் என்று நான் சொல்லவில்லை. ஒரே கட்டிலில் ஆளுக்கு ஒரு பக்கம் திரும்பிப் படுத்து ஒருவரை ஒருவர் காப்பாற்றிக்கொண்டிருந்தோம். இதை எழுதலாமா என்று அவரிடம் கேட்டேன். எழுது என்றார். அதற்கும் நன்றி.

டாக்டர் அம்மா ஒரு காகிதத்தில் படம் போட்டுக் காட்டினார். இடுப்புக்குழியின் அடியில் தசைகள் ஏணைத் துணி மாதிரி விரிந்து கர்ப்பப்பை, சிறுநீர்ப்பை, மலக்குடல் எல்லாவற்றையும் தாங்குகின்றன. பிரசவத்தில் அந்தத் துணி இழுபடும். மாதவிடாய் நின்ற பிறகு ஈஸ்ட்ரோஜன் குறைவதால் இன்னும் தொய்யும். வருஷக்கணக்கான இருமல், மலச்சிக்கல், கனம் தூக்குவது எல்லாம் சேர்ந்தால் உள்ளே இருப்பது இறங்க ஆரம்பிக்கும். பிள்ளை பெற்ற பெண்களைப் பரிசோதித்துப் பார்த்தால் கிட்டத்தட்டப் பாதிப் பேருக்கு ஏதாவது ஓர் அளவில் இறக்கம் இருக்கும் என்றும், பலருக்குத் தொந்தரவு இல்லாததால் தெரியாமலே போய்விடும் என்றும் சொன்னார். பாதிப் பேர்! நானோ உலகத்திலேயே எனக்கு மட்டும்தான் என்று நினைத்திருந்தேன். நான் செய்த ஏதோ ஒன்றுக்குத் தண்டனை என்றுகூட நினைத்திருந்தேன்.

ஆரம்பத்தில் வந்தால் அடித்தளத் தசைப் பயிற்சியே பலருக்குப் போதுமாம். சிறுநீரை அடக்குவது போல இறுக்கி, சில விநாடி பிடித்து, விடுகிற பயிற்சி. ஆர்னால்ட் கெகல் என்ற அமெரிக்க மருத்துவர் 1948இல் எழுதியதால் அவர் பெயராலேயே கெகல் பயிற்சி என்கிறார்கள். அதற்கு மேல் போனால் பெசரி என்ற சிலிகான் வளையத்தை உள்ளே பொருத்தித் தாங்க வைக்கலாம். அவ்வப்போது எடுத்துச் சுத்தம் செய்து மறுபடி வைத்துக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான். ஹிப்போகிரட்டீஸ் காலத்துக் கிரேக்க வைத்தியக் குறிப்புகளில் இதற்குப் பாதி மாதுளம்பழத்தை வைத்ததாக இருக்கிறது என்று டாக்டர் அம்மா சொன்னபோது எனக்குச் சிலிர்த்தது. இரண்டாயிரம் வருஷத்துக்கு முன்னாலேயே எவளோ ஒருத்தி வாய்விட்டுச் சொல்லியிருக்கிறாள், எவரோ கேட்டிருக்கிறார். எனக்குத்தான் உரசி உரசிப் புண்ணாகும் வரை சொல்ல வரவில்லை. அதனால்தான் கத்தி வரை போனது.

ஏன் சொல்ல வரவில்லை என்று யோசித்தேன். பயமும் வெட்கமும் இருந்தது உண்மை. ஆனால் முதலில் என்னிடம் வார்த்தையே இல்லை. சின்ன வயசில் அம்மாவும் பெரியம்மாவும் 'அடி இறங்கிடுச்சாம்' என்று யாரைப் பற்றியோ கிசுகிசுத்ததைக் கேட்டிருக்கிறேன். நான் உள்ளே நுழைந்ததும் பேச்சு நின்றது. எனக்கு வந்தபோது, அந்த நின்றுபோன பேச்சு மட்டும்தான் ஞாபகத்தில் இருந்தது. 'அது', 'அங்கே', 'கீழே' என்று சுட்டிக் காட்டியே காலம் ஓடிவிட்டது. மகள் ஒரு நாள் போனில் படித்துக் காட்டினாள்: 2008இல் நேபாள உச்ச நீதிமன்றம், கர்ப்பப்பை இறக்கத்தைப் பெண்களின் இனப்பெருக்க உரிமைப் பிரச்சினை என்று தீர்ப்பளித்து, சிகிச்சைக்கு ஏற்பாடு செய்யும்படி அரசுக்கு உத்தரவிட்டதாம். ஒரு நாட்டின் உச்ச நீதிமன்றம் உரக்கப் பேசிய விஷயம், என் வீட்டுக்குள் என் வாயில் ஏறவில்லை.

உங்கள் வீட்டிலும் யாராவது நுனியில் உட்கார்ந்திருக்கலாம். இந்த நோயாகவே இருக்க வேண்டும் என்பதில்லை. மூலமாக இருக்கலாம், சிறுநீர்க் கசிவாக இருக்கலாம், வாழவே பிடிக்கவில்லை என்ற எண்ணமாக இருக்கலாம், மகன் இரண்டு வருஷமாக ஒளித்து வைத்திருக்கும் மாத்திரை அட்டையாக இருக்கலாம். கூட்டி வைத்துக் கேட்காதீர்கள். நேருக்கு நேர் உட்கார வைத்தும் கேட்காதீர்கள். கைக்கு ஒரு வேலை இருக்கட்டும், கண்ணுக்கு வேறொரு இடம் இருக்கட்டும். அதன் பெயரைச் சொல்லியே கேளுங்கள். 'ஏன் சொல்லவில்லை' என்பதை மட்டும் விட்டுவிடுங்கள். எனக்கு நடந்ததிலிருந்து நான் தெரிந்துகொண்டது இவ்வளவுதான், ஆனால் இதை நான் முழுசாக நம்புகிறேன்.

நான் ஒரு முடிவும் எடுத்திருக்கிறேன். என் பேத்தி உள்ளே நுழைந்தால் இந்த வீட்டில் எந்தப் பேச்சும் நிற்காது. அவள் வயசுக்குப் புரிகிற மாதிரி சொல்வேன். போன வாரம், "பாட்டி வயித்துல என்ன எடுத்தாங்க?" என்று கேட்டாள். "உங்கம்மா பிறக்கறதுக்கு முன்னாடி இருந்த வீட்டை" என்றேன். பிறகு அதன் பெயரையும் சொல்லிக் கொடுத்தேன். இரண்டு முறை திருப்பிச் சொல்லிப் பார்த்துவிட்டு விளையாடப் போய்விட்டாள். அவ்வளவு எளிதாகத்தான் இருந்தது.

நேற்று அக்காவுக்குப் போன் செய்தேன். இந்த மடலை எழுதப் போகிறேன், ஊரெல்லாம் படிக்கும், அதற்கு முன் உன்னிடம் சொல்லிவிடுகிறேன் என்று ஆரம்பித்து, மாப்பிள்ளை என்னிடம் பேசிய அதே குரலில் எல்லாவற்றையும் சொன்னேன். துணி மடித்துக்கொண்டே பேசினேன், அதையும் அவரிடமிருந்துதான் கற்றுக்கொண்டேன். மறுமுனையில் சத்தமே இல்லை. லைன் போய்விட்டதோ என்று பார்த்தேன். போகவில்லை.

"உனக்கு ஆறு வருஷமா?" என்றாள் அக்கா. "எனக்குப் பதினொண்ணு."

எனக்கு நெஞ்சு வெடித்துவிடும் போல இருந்தது. நாக்கு நுனி வரை அந்தக் கேள்வி வந்தது. விழுங்கிவிட்டு, "சரிக்கா. வலிக்குதா, இல்ல கனமா இழுக்குதா?" என்றேன்.

அரைமணி நேரம் பேசினாள். வைக்கும்போது, "அந்த வளையம் வெச்சா வலிக்குமாடி?" என்று கேட்டாள். டாக்டர் அம்மாவிடமே கேட்டுவிடலாம் என்றேன். செவ்வாய்க்கிழமை போகிறோம். மாப்பிள்ளை வண்டி எடுக்கிறார்.