ஞாயிறு மதியச் சாப்பாடு: பால், நெய் சேர்க்காதவர்கள் கவனத்துக்கு

ஞாயிறன்று நம் குழு சாப்பிடப் போவது சைவ உணவகம்தான் என்றாலும் பாலும் தயிரும் நெய்யும் பலவற்றிலும் எட்டிப் பார்க்கும். பருப்புக்கு நெய் ஊற்ற ஆள் வரும்போதே இலைமேல் கையை நீட்டி, "நெய் வேண்டாம் அண்ணா" என்று சொல்லிவிடுங்கள். ஊற்றிய பிறகு சொன்னால் அவருக்கும் சங்கடம், சோறும் வீண். மோர்க்குழம்பில் தயிர் உண்டு. அவியலிலும் பெரும்பாலும் உண்டு. வத்தக்குழம்பைத் தாராளமாகக் கேட்டு வாங்கலாம். ரசத்தைத் தாளித்தது நெய்யிலா எண்ணெயிலா என்று விசாரித்துக்கொள்ளுங்கள். 12 மணிக்கே போனால் பரிமாறுபவருக்குப் பதில் சொல்லப் பொறுமை இருக்கும், ஒரு மணிக்கு மேல் இருக்காது. பாயசக் கிண்ணத்தைப் பக்கத்து இலைக்காரரிடம் தள்ளிவிடுங்கள். மறுத்தவர் இக்குழுவில் எவருமில்லை! பால் சேர்த்துக்கொள்பவர்களிடம் சாப்பாட்டு வேளையில் உபதேசம் வேண்டாம். வருபவர்கள் சனிக்கிழமை மாலைக்குள் தெரிவியுங்கள்.