புங்கம்பூ குப்பையா?

அன்புள்ள ஆசிரியருக்கு,

எங்கள் தெருமுனையில் ஒரு புங்கமரம் நிற்கிறது. சித்திரை பிறந்துவிட்டால் விடிகாலையில் அதன் அடியில் பொரியைக் கொட்டிவைத்தது போல இருக்கும். சங்கப் புலவர்களும் புங்கம்பூவைப் பொரி என்றுதான் பாடினார்கள். ஒன்றை எடுத்துக் கிட்டத்தில் பாருங்கள், வெள்ளையில் லேசாக ஊதா ஓடியிருக்கும். அவரைப்பூவின் அதே சாயல். இரண்டும் ஒரே குடும்பம்தானே!

எதிர்வீட்டுக்காரருக்கு அது குப்பை. "கார் மேலெல்லாம் விழுது, கிளையை வெட்டணும்" என்கிறார். அதே கார் மதியம் அந்த நிழலில்தான் நிற்கிறது, அது வேறு விஷயம்.

என் வீட்டு வாசலில் உடைந்த பெயின்ட் வாளியில் ஓர் அந்திமந்தாரை. யாரும் வைத்ததில்லை, தானாக முளைத்தது. மாலை நாலு, நாலரைக்கு மெல்ல விரியும். ஒரே செடியில் மஞ்சள் ஒன்று, ரோஸ் ஒன்று, இரண்டும் தெளித்த மாதிரி இன்னொன்று. பால்காரர்கூட நேற்று சைக்கிளை நிறுத்தி, "விதை கிடைக்குமாம்மா?" என்று கேட்டார். மிளகு போலக் கறுப்பாக ஒரு கை நிறையக் கொடுத்தேன்.

மல்லிகை கிலோ என்ன விலை என்று நீங்கள் அடிக்கடி போடுகிறீர்கள், சரி. அப்படியே ஒரு மூலையில், இந்த வாரம் ஊரில் எந்த மரம் பூத்திருக்கிறது என்று இரண்டு வரி போட்டால் என்ன? இப்போதைக்குச் சரக்கொன்றையில் தொடங்கலாம்.

இப்படிக்கு,
ஒரு வாசகி, தஞ்சாவூர்