கடைசி பெஞ்சும் சேர்ந்து பாட: ஒரு நன்கொடை வேண்டுகோள்

கிறிஸ்துவுக்குள் அன்பான சகோதர சகோதரிகளே, தோத்திரம்.

நெல்லைச் சீமையின் ஒரு கிராமச் சபையிலிருந்து இதை எழுதுகிறோம். எங்கள் பக்கத்தில் தலைமுறை தலைமுறையாகப் பாடிவந்த கீர்த்தனைகளையும் கிராமத்து மெட்டுப் பாடல்களையும், அவற்றை இன்னும் மனப்பாடமாகப் பாடத் தெரிந்த பெரியவர்களின் குரலிலேயே பதிவுசெய்கிறோம். அதை ராகம், தாளத்தோடு புத்தகமாக அச்சிட வேண்டும், பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டும், ஆலயத்தில் பழுதாகிக் கிடக்கும் பெடல் ஆர்மோனியத்தைச் சரிசெய்ய வேண்டும். எல்லாம் சேர்த்து 3,50,000 ரூபாய் ஆகும். சபையார் கொடுத்ததில் இதுவரை 92,000 ரூபாய் சேர்ந்திருக்கிறது. மீதிக்காகத்தான் உங்களிடம் வருகிறோம்.

இருக்கிற கஷ்டத்தில் இது அவசியமா என்று சிலர் கேட்டார்கள். நியாயமான கேள்வி. எங்களை இதில் இறக்கிவிட்டது ஒரு சாவு வீடு. அடக்க ஆராதனைக்கு முந்தைய ராத்திரி, வழக்கம்போல எல்லோரும் சவப்பெட்டியைச் சுற்றி உட்கார்ந்திருந்தோம். எங்கள் வாலிபர்கள் நல்ல பிள்ளைகள், பாட ஆசையோடுதான் வந்தார்கள். ஆனால் ஒவ்வொரு பாட்டுக்கும் போனைத் திறந்து வரியைத் தேட வேண்டியிருந்தது. இரண்டாவது சரணத்துக்குள் சத்தம் தேய்ந்துவிடும். அப்புறம் மூலையில் உட்கார்ந்திருந்த ஒரு பாட்டி, யாரும் கேட்காமலே, முகாரி ராகத்தில் ஒரு பழைய கீர்த்தனையை எடுத்தார். எழுதப் படிக்கத் தெரியாதவர். சின்ன வயதில் உபதேசியார் சொல்லிக்கொடுத்த பாட்டு. பல்லவியை அவர் ஒரு தடவை பாடி முடிப்பதற்குள் வீட்டுத் திண்ணையில் இருந்த ஆண்களும் சேர்ந்துகொண்டார்கள். ஏழு சரணம். ஒரு வரி தடுமாறவில்லை. கடைசிச் சரணத்தில் தாளத்தைத் தளர்த்தி, இழுத்து, பெட்டிமேல் கையை வைத்துக்கொண்டு பாடினார். இறந்தவரின் மகள் அதுவரை அழாமல் இருந்தவள், அப்போதுதான் அழுதாள்.

அந்தப் பாட்டுக்கு ரசிகர் கூட்டம் எதுவும் கிடையாது. அந்த மெட்டு அச்சிலும் இல்லை, ஒலிப்பதிவிலும் இல்லை. அவரைப் போலப் பாடத் தெரிந்தவர்கள் எங்கள் சேகரத்தில் (பக்கத்துச் சபைகளும் சேர்ந்த வட்டாரத்தில்) சிலர்தான் மிஞ்சியிருக்கிறார்கள், எல்லோரும் வயதானவர்கள். அவர்களை இப்போதே பதிவுசெய்யாவிட்டால் அவர்கள் மெட்டுகள் அவர்களோடேயே போய்விடும்.

புதுப் பாடல்களை நாங்கள் எதிர்க்கவில்லை. எங்கள் ஆராதனையில் கிட்டாரும் உண்டு, கீபோர்டும் உண்டு. இன்றைக்கு எழுதப்படுகிற பாடல்களில் உண்மையான ஜெபமாக இருப்பவை நிறைய இருக்கின்றன. எங்கள் கவலை பாட்டைத் தேர்ந்தெடுக்கும் விதம் பற்றியது. யூடியூபில் எத்தனை லட்சம் பேர் பார்த்தார்கள் என்பதை வைத்து ஞாயிற்றுக்கிழமைப் பாட்டு முடிவாகிறது. பாடகர் பாடிய அதே சுருதியில், அதே டிராக்கை, அதாவது பதிவான பின்னணி இசையைப் போட்டுப் பாடுகிறோம். அந்தச் சுருதி அவருடைய குரலுக்கு அமைந்தது. அவர் மேல் ஸ்தாயியில் நின்று பாடும் இடத்தில் எங்கள் ஆண்கள் வாயை மூடிக்கொள்கிறார்கள். பெண்கள் கொஞ்ச தூரம் முயன்றுவிட்டு விட்டுவிடுகிறார்கள். மேடையில் நான்கு மைக்கில் சத்தம் கூடக் கூட, கடைசி பெஞ்சு மௌனமாகிறது. டிராக் யாருக்காகவும் காத்திருக்காது. ஆர்மோனியத்தில் உட்கார்ந்திருப்பவர் சபை மூச்சு வாங்கும்வரை நிற்பார், குரல் எட்டவில்லை என்றால் ஒரு கட்டை இறக்கி வாசிப்பார். இந்த வித்தியாசம் சின்னதாகத் தெரியலாம். சபையே பாடுவதா, பாடுகிறவர்களைச் சபை வேடிக்கை பார்ப்பதா என்பது அதில்தான் இருக்கிறது. பாட்டுகளின் இரைச்சலை என்னைவிட்டு அகற்று என்று ஆமோஸ் தீர்க்கதரிசி மூலம் கர்த்தர் சொன்னது, நியாயமும் நீதியும் இல்லாத ஆராதனையைப் பார்த்துத்தான்.

இந்த மண்ணுக்கு இதில் ஒரு பெரிய சொத்து இருக்கிறது. கிறிஸ்தவக் கீர்த்தனைகள் பாடிய வேதநாயக சாஸ்திரியார் 1774-ல் பிறந்தது திருநெல்வேலியில். சிறுவனாக இருந்தபோதே மிஷனெரி சுவார்ட்ஸ் ஐயர் அவரைத் தஞ்சைக்கு அழைத்துப் போனார். சரபோஜி மன்னரின் அவையில் கவிஞராக இருந்தவர் அவர். மன்னர் தாம் வணங்கும் தெய்வத்தைப் பாடும்படி கேட்டபோது சாஸ்திரியார் மறுத்துவிட்டார் என்று எங்கள் சபைகளில் இன்றும் சொல்லிவருகிறோம். மன்னரின் தயவில் வாழ்ந்த ஒருவர், அந்தத் தயவு போனாலும் போகட்டும் என்று நின்றிருக்கிறார். பிற்காலத்தில் வந்த சில மிஷனெரிகளுக்கு அவருடைய தமிழ்ப் பாடல் முறையே பிடிக்கவில்லை. அப்போதும் அவர் விட்டுக்கொடுக்கவில்லை. 1853-ல் மதுரை அமெரிக்க மிஷனின் எட்வர்ட் வெப், தமிழ்க் கீர்த்தனைகளைத் தொகுத்து ஆராதனைக்கென அச்சிட்டார். இன்று பல சபைகளில் புழங்கும் கீர்த்தனைப் புத்தகங்களுக்கு அதுதான் முன்னோடி. சாம்பவர்வடகரையில் பிறந்த ஆபிரகாம் பண்டிதர், சுருதிகளை வருடக்கணக்கில் ஆராய்ந்து 1917-ல் ‘கருணாமிர்த சாகரம்’ வெளியிட்டவர், கிறிஸ்தவக் கீர்த்தனைகளும் இயற்றியிருக்கிறார்.

கமிட்டிக் கூட்டத்தில் எங்களில் ஒருவர் ஒரு கேள்வியை எழுப்பினார். கர்நாடக ராகக் கீர்த்தனைகளை மட்டும் சேகரித்தால், வயலில் நாற்று நட்டபடி பாடியவர்களின் பாட்டு எங்கே போகும்? பறை அடித்துப் பாடிய தெருவின் பாட்டு எங்கே? அவர் கேட்டது முழுக்கச் சரி. மதுரை அரசரடியில் தமிழ்நாடு இறையியல் கல்லூரியில் ஆசிரியராக இருந்த தியாபிலஸ் அப்பாவு இதைத்தான் வாழ்நாள் முழுக்கச் சொன்னார்: பாமர மக்கள் தாங்களே பாடி, தங்கள் வாழ்க்கைக்கேற்ப மாற்றி, அடுத்தவருக்குக் கடத்தக்கூடிய இசைதான் அவர்களை விடுவிக்கும் என்று. அதனால் தெம்மாங்கு, கும்மி, ஒப்பாரி மெட்டில் அமைந்த பாடல்களும் இந்தத் தொகுப்பில் இடம்பெறும். கும்மிப் பாட்டை ஆர்மோனியத்துக்குள் அடக்கப் போவதில்லை. கைத்தட்டலோடும் பறையோடும் அதன் தெருவிலேயே பதிவாகும்.

பதிவு எப்படி நடக்கிறது என்பதையும் சொல்லிவிடுகிறோம். ஸ்டுடியோவுக்கு யாரையும் கூட்டிப்போவதில்லை. அவர்கள் வீட்டுத் திண்ணையில், அவர்கள் சுருதியில், அவர்களுக்குத் தோன்றும் வேகத்தில். எதிரொலி சேர்ப்பதோ குரலைத் திருத்துவதோ கிடையாது. நடுவில் இருமல் வந்தால் இருமலும் இருக்கும். பாட்டை எங்கே, யாரிடம், எந்தச் சமயத்தில் கற்றார்கள் என்பதையும் அவர்கள் வாயாலேயே கேட்டு வாங்குகிறோம். எந்தச் சபை கேட்டாலும் பென் டிரைவில் இலவசமாகக் கொடுப்போம்.

செலவு விவரம் இது. 1,000 பிரதிகள், வயதானவர்களும் படிக்கும்படி பெரிய எழுத்தில், அச்சுக்கும் கட்டுக்கும் 1,60,000 ரூபாய். சனிக்கிழமை மாலைப் பாட்டு வகுப்பு நடத்தும் ஆசிரியருக்கு மாதம் 6,000 வீதம் ஒரு வருடத்துக்கு 72,000. பதிவுக் கருவியும் மைக்குகளும் 45,000. போக்குவரத்து, தட்டச்சு, சுரம் எழுதுதல் ஆகியவற்றுக்கு 38,000. ஆர்மோனியத்துக்கு 35,000. அதன் துருத்தித் துணி கிழிந்து காற்று ஒழுகுகிறது, கீழ்க் கட்டைகளில் பல ரீடுகள் (ஒலி எழுப்பும் பித்தளைத் தகடுகள்) களிம்பேறிவிட்டன. மரம் மட்டும் இன்னும் கல் மாதிரி இருக்கிறது. பழுதுபார்ப்பவர் வந்து பார்த்துவிட்டு, இதைத் தூக்கிப்போட்டுவிடாதீர்கள் என்று சொல்லிவிட்டுப் போனார்.

இந்தத் தொகை முழுவதையும் தானே தருவதாக ஓர் அன்பர் முன்வந்தார். பிரபலமான பாடகர் ஒருவரை அழைத்து இதே பாடல்களைப் பாடவைத்து, விழா எடுத்து, நேரலையில் காட்ட வேண்டும் என்பது அவருடைய விருப்பம். நல்ல மனதோடுதான் சொன்னார். இரண்டு கூட்டங்களில் உட்கார்ந்து பேசினோம், ஜெபித்தோம். கடைசியில் நன்றி சொல்லி மறுத்துவிட்டோம். பாட்டியின் பாட்டு பாட்டியின் குரலில்தான் வர வேண்டும். ஆகவே ஒருவரிடம் 2,58,000 வாங்குவதைவிட, பலரிடம் நூறும் ஐந்நூறுமாக வாங்குவதே இந்த வேலைக்குப் பொருந்தும் என்று நம்புகிறோம். கொடுத்தவர்கள் பெயரைக் கல்வெட்டிலோ புத்தகத்திலோ போட மாட்டோம். ஆராதனையில் வாசிக்கவும் மாட்டோம். வலது கை செய்வது இடது கைக்குத் தெரிய வேண்டாம் என்று ஆண்டவர் சொன்னதை நாமே கடைப்பிடிக்காவிட்டால் எப்படி? வரவு செலவுக் கணக்கு மட்டும் மாதந்தோறும் ஆலய அறிவிப்புப் பலகையில் ஒட்டப்படும்.

பணமாகக் கொடுக்க முடியாதவர்கள் வேறு வகையில் உதவலாம். உங்கள் வீட்டுப் பரணில் பழைய கையெழுத்துப் பாட்டு நோட்டு இருந்தால் கொடுங்கள், நகல் எடுத்துவிட்டுத் திருப்பித் தந்துவிடுவோம். பழைய பாட்டு தெரிந்த அம்மாவோ தாத்தாவோ இருந்தால் சொல்லியனுப்புங்கள், நாங்களே வருகிறோம்.

நன்கொடைகளை ஆராதனை முடிந்ததும் சபைப் பொருளாளரிடமோ, வார நாட்களில் சபை அலுவலகத்திலோ கொடுத்து ரசீது வாங்கிக்கொள்ளுங்கள். வங்கி மூலம் அனுப்புகிறவர்கள் கணக்கு விவரத்தை அலுவலகத்தில் மட்டும் கேட்டுப் பெறவும். வாட்ஸ்அப்பில் வரும் எண்ணுக்கு அனுப்ப வேண்டாம். வெளிநாட்டில் வேலை பார்க்கும் நம் பிள்ளைகள், இந்தியக் குடியுரிமை உள்ளவர்கள், தங்கள் சொந்த வங்கிக் கணக்கிலிருந்து அனுப்பலாம். வேறு நாட்டுக் குடியுரிமை பெற்றுவிட்டவர்களிடம் வாங்க வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டப்படி தனிப் பதிவு வேண்டும், அது எங்களிடம் இல்லை. அவர்கள் தயவுசெய்து பணம் அனுப்பாமல், தங்களுக்குத் தெரிந்த பாட்டைப் பாடிப் பதிவுசெய்து அனுப்பட்டும். அறுப்பின் பண்டிகைக்கு முன் தொகை சேர்ந்துவிட்டால், புத்தகத்தை லெந்து (தபசு) நாட்களுக்குள் உங்கள் கையில் கொடுத்துவிடலாம் என்று அச்சகத்தார் சொல்லியிருக்கிறார்கள்.

கிறிஸ்துவின் பணியில்,
பாடல் சேகரிப்புக் குழுவினர்