தென்னை வளவுக்குப் புல்வெட்டும் ரோபோ அனுப்புமுன்

ஆசிரியர் அவர்களுக்கு,

போன ஞாயிறு உங்கள் பத்திரிகையில் கம்பி புதைக்காமலே தானாக ஓடிப் புல்வெட்டும் ரோபோக்களைப் பற்றி ஒரு முழுப் பக்கம் வந்திருந்தது. பெரிய வளவுக்காரருக்கு இது வரப்பிரசாதம் என்று எழுதியிருந்தார்கள். படங்கள் நல்ல வடிவு, ஒரு சருகுகூட இல்லாத தரை. எழுதினவரைக் குறை சொல்ல வரவில்லை. ஆனால் அந்தப் பக்கத்தை ஊரில் பலர் போனில் படம் பிடித்து சுவிஸுக்கும் லண்டனுக்கும் அனுப்ப, அங்கிருந்து "அப்ப ஒன்று வாங்கி அனுப்பட்டா அண்ணே?" என்று கேள்வி வரத் தொடங்கிவிட்டது. மட்டக்களப்பில் கல்குடாப் பக்கம், வெளிநாட்டில் இருக்கிற சொந்தக்காரரின் வளவுகளைப் பார்த்துக்கொள்கிற ஆள் என்றபடியால் எனக்கும் அந்தக் கேள்வி வந்தது. போனில் ஒவ்வொருவருக்கும் சொல்வதை விட இங்கே ஒரேயடியாக எழுதிவிடலாம் என்று நினைத்தேன்.

முதலில் அந்த மெஷின் எப்படி வழி கண்டுபிடிக்கிறது என்பதைச் சொல்ல வேண்டும், ஏனென்றால் சிக்கல் முழுக்க அங்கேதான் இருக்கிறது. சுவீடனின் ஹஸ்க்வர்னா கொம்பனி 1995இல் சூரிய ஒளியில் ஓடும் ஒன்றை விட்ட காலத்திலிருந்து அண்மைக்காலம் வரை இந்த ரோபோக்களுக்கு எல்லை காட்டியது ஒரு கம்பிதான். வளவைச் சுற்றி மண்ணுக்குள் கம்பியைப் புதைத்து, அதில் சின்னதாக மின்சாரத்தை ஓடவிட்டால், மெஷின் அதன் காந்தப்புலத்தை உணர்ந்து திரும்பிவிடும். அது எங்கள் ஊருக்குச் சரிவரவே வராது. இங்கே யார் வளவில் மண்வெட்டி படாத மண் இருக்கிறது? வாழைக்குக் கிடங்கு வெட்டுவார்கள், வேலிக்குக் கட்டை நடுவார்கள், தண்ணிப் பைப்புக்குக் கிண்டுவார்கள். கம்பி ஓரிடத்தில் அறுந்தால் மெஷின் நின்றுவிடும், அறுந்த இடத்தைத் தேடுவது பெரும் பாடு. ஆகவே கம்பி போனது நல்லதுதான், அதில் எனக்கு மறுபேச்சு இல்லை.

கம்பிக்குப் பதிலாக வந்தது செய்மதி. நாங்கள் போனில் பார்க்கிற ஜி.பி.எஸ். சில மீற்றர் முன்பின் காட்டும், அதை நம்பிப் புல்வெட்டினால் மெஷின் பக்கத்து வீட்டுக் கத்தரிப் பாத்திக்குள் நிற்கும். அதனால் வளவில் அசையாத ஓரிடத்தில் ஒரு அன்ரெனாவை நட்டு வைக்கிறார்கள். அதன் இடம் மாறாது என்பதால், செய்மதிச் சமிக்ஞையில் அந்த நேரத்தில் எவ்வளவு பிழை இருக்கிறது என்று அது கணக்குப் பார்த்து, வானொலி அலையிலோ மொபைல் இணைப்பிலோ ரோபோவுக்குச் சொல்லிக்கொண்டே இருக்கும். ரோபோ அதைக் கழித்துத் தன் இடத்தை இரண்டு மூன்று சென்ரிமீற்றருக்குள் தெரிந்துகொள்ளும். ஆர்.ரி.கே. என்று சொல்வது இதைத்தான். காணி அளக்க வருகிற சேவையர் முக்காலியில் வட்டமான ஒன்றைப் பூட்டி வைத்துவிட்டு, கையில் இன்னொரு கம்பத்தோடு நடப்பதைப் பார்த்திருப்பீர்கள். அதே வேலைதான்.

இது நடக்க அன்ரெனாவுக்கும் வானம் தெரிய வேண்டும், ரோபோவுக்கும் வானம் தெரிய வேண்டும். ஏறக்குறைய 20,000 கிலோமீற்றர் உயரத்திலிருந்து வருகிற சமிக்ஞை மெலிந்துதான் வரும். இலை அடர்த்தியாக இருந்தால் தடைப்படும், மதிலில் பட்டுத் தெறித்து வந்தால் கணக்குக் குழம்பும். இப்போது எங்கள் பெரிய வளவுகளை நினைத்துப் பாருங்கள். கல்குடாவிலிருந்து களுவாஞ்சிக்குடி வரை, அதற்கு அங்கால் தம்பிலுவில், திருக்கோவில் வரை, ஒரு ஏக்கர் வளவு என்றால் அதில் பாதிக்கு மேல் தென்னை, வீட்டைச் சுற்றி மா, பலா, முருங்கை, மூலையில் ஒரு வேம்பு. தென்னைக்குக் கீழே வானம் கொஞ்சம் கொஞ்சம் தெரியும், மெஷின் விட்டு விட்டு ஓடும். பழைய மாமரத்துக்குக் கீழே சுத்தமாகத் தெரியாது.

சுவிஸிலிருந்து வந்த ஒருவர் கொண்டுவந்து ஓடவிட்டதைப் பக்கத்தில் நின்று பார்த்தேன். வெளியான இடத்தில் கோடு பிடித்த மாதிரி நேராகப் போனது, பார்க்கவே ஆசையாக இருந்தது. மாமரத்து நிழலுக்குள் போனதும் வேகம் குறைந்தது, கொஞ்சம் முன்னே போய், பின்னே வந்து, அப்படியே நின்றுவிட்டது. போனில் ஏதோ எச்சரிக்கை வந்தது. பெடியன் ஒருவன் தூக்கிக்கொண்டு போய் வெயிலில் விட்டான். திரும்பவும் ஓடியது, இந்த முறை முன் சில்லுக்கும் உடம்புக்கும் நடுவில் ஒரு குரும்பட்டி போய் இறுகிக்கொண்டது. அதையும் பெடியன்தான் குச்சியால் கிண்டி எடுத்தான். வீட்டுக்காரர் கதிரையில் இருந்தபடி, இதன் அருமையை எங்களுக்கு விளக்கிக்கொண்டிருந்தார்.

கமராவும் லைடாரும் வைத்த புது மெஷின்கள் மரத்துக்குக் கீழேயும் சமாளிக்கும் என்பது உண்மைதான். லைடார் என்பது லேசர் கதிரை வீசி, அது பட்டுத் திரும்புகிற நேரத்தை வைத்துத் தூரத்தை அளப்பது, இருட்டிலும் வேலை செய்யும். அது மரம், மதில், தூண் என்று எதையாவது பார்த்துத்தான் தன் இடத்தைக் கண்டுபிடிக்கும், அதனால் ஒன்றுமே இல்லாத வெட்டவெளி மைதானத்தில் தடுமாறக்கூடும். அதாவது செய்மதி மெஷினுக்கு மரம் எதிரி, லைடார் மெஷினுக்கு மரம் துணை. இரண்டும் சேர்ந்து வருகிற மெஷின் விலை கூடியது. எங்கள் வளவுக்கென்று வாங்கினால் அந்த இரண்டும் சேர்ந்ததைத்தான் வாங்க வேண்டும், மலிவானதை வாங்கி அனுப்பிவிட்டு "ஏன் அண்ணே ஓடுதில்லை?" என்று என்னைக் கேட்கக்கூடாது.

சரி, வழி தெரிந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். அடுத்தது ஓலை.

ஒரு தென்னை வருசத்துக்குப் பன்னிரண்டு பதின்மூன்று ஓலை புதிதாக விடும், அதே கணக்கில் கீழ் ஓலை காய்ந்து விழும். மாதத்துக்கு ஒன்று என்று வையுங்கள். முப்பது மரம் நிற்கிற வளவில் சராசரியாக நாளுக்கு ஒரு ஓலை விழுகிறது. கச்சான் காற்றுக் காலத்தில் கேட்கவே வேண்டாம். அதோடு பன்னாடை, பாளை, குரும்பட்டி, எலி கடித்துத் தள்ளிய இளநீர். ரோபோவின் கத்தி சவர அலகு மாதிரி மெல்லிசு, தட்டில் தொங்கிச் சுழல்வது. தினமும் புல் நுனியைச் சில மில்லிமீற்றர் சீவிவிடத்தான் அதைச் செய்திருக்கிறார்கள். ஓலை மட்டையைக் கண்டால் அது சுற்றிப் போகும், இல்லாவிட்டால் ஏறிச் சிக்கிக்கொள்ளும். யாராவது காலையில் வந்து ஓலை பொறுக்க வேண்டும். பொறுக்க ஆள் வேண்டுமென்றால், ஆள் தேவையில்லை என்று சொல்லித்தானே இதை வாங்கினோம்?

பூட்டிக் கிடக்கிற வீட்டுக்காரர் இதை முக்கியமாகக் கவனிக்க வேண்டும். சூரிச்சில் இருந்து போனை அமத்தினால் இங்கே வளவு துப்பரவாகிவிடும் என்று நினைக்கிறார்கள். மாரி தொடங்கிக் கார்த்திகை, மார்கழியில் இங்கே புல் எப்படி வளரும் என்று தெரியாதா? முழங்கால் உயரத்துக்கு வந்த புல்லில் இந்த மெஷின் ஒன்றும் செய்யாது, முதலில் ஆள் வந்து வெட்டிக் கொடுத்தால்தான் பிறகு அது பராமரிக்கும். ஈர மண்ணில் சில்லு புதையும், தண்ணி நின்றால் மெஷினை எடுத்து வைக்க வேண்டும். ஐப்பசியில் இடி மின்னல் தொடங்கினால் அன்ரெனாவையும் சார்ஜரையும் கழற்றி வைப்பது நல்லது. அதற்கும் ஒருவர் வீட்டில் இருக்க வேண்டும். வெயில் காலத்தில் கடற்கரைப் பக்கத்து வளவில் பாதி இடம் வெறும் மணல், அறுகு கூடக் கருகிப் போயிருக்கும், வெட்ட என்ன இருக்கிறது?

எங்கள் ஆட்களுக்கு முற்றத்தில் புல் வளர்க்கிற பழக்கமே இருந்ததில்லை. காலையில் விளக்குமாறு போட்டுக் கூட்டின வெள்ளை மணல் முற்றம்தான் எங்கள் வீட்டுக்கு வடிவு, பாம்பு ஊர்ந்தால் தடமும் தெரியும். இப்போது வெளிநாட்டுக் காசில் கட்டுகிற வீடுகளுக்கு முன்னால் புல் பதிக்கிறார்கள், அது அவரவர் விருப்பம். பழைய வளவுகளில் புல்லுக்குப் பக்கத்து வீட்டு மாடு இருந்தது. அதற்கு அன்ரெனா தேவைப்படவில்லை.

இரவில் ஓட்டுவதைப் பற்றியும் ஒரு வார்த்தை. சத்தம் குறைவு, ஆகவே இரவில் ஓடவிடலாம் என்று அந்தப் பக்கத்தில் பெருமையாக எழுதியிருந்தது. ஐரோப்பாவில் இரவில் உலாவுகிற முள்ளெலிகள் இந்த மெஷின்களில் அடிபட்டு, ஆராய்ச்சியாளர்கள் எச்சரித்து, ஜேர்மனியின் கொலோன் நகரில் இரவில் ஓட்டவே தடை போட்டிருக்கிறார்கள். முள்ளெலி பயந்தால் ஓடாது, சுருண்டு அங்கேயே கிடக்கும். எங்கள் வளவில் ஆமையும் அதே குணம்தான், தலையை உள்ளே இழுத்துக்கொண்டு கிடக்கும். தவளை, உடும்புக் குஞ்சு, கூட்டுக்கு வராத கோழிக்குஞ்சு எல்லாம் இருக்கிறது. தூக்கினால் கத்தி நிற்கும், பெரிய பொருளில் முட்டினால் திரும்பும் என்பதெல்லாம் சரி, ஆனால் சின்ன உயிர் எல்லாவற்றையும் அது கண்டுகொள்ளும் என்று நம்ப முடியாது. பகலில் ஓட்டுங்கள், ஆள் பார்க்க ஓட்டுங்கள், சின்னப் பிள்ளைகள் முற்றத்தில் நிற்கும்போது ஓட்டாதீர்கள். படுவான்கரைப் பக்கம் யானை வருகிற வளவுக்காரருக்கு நான் ஒன்றும் சொல்லத் தேவையில்லை, அவர்களுக்கு வேறு கவலை இருக்கிறது.

அப்படியென்றால் இது எங்குமே உதவாதா என்று கேட்டால், உதவும். பாசிக்குடாவில் கடலைப் பார்த்தபடி புல் பதித்து வைத்திருக்கிற ஹோட்டல்களுக்கு நன்றாக உதவும், வானம் திறந்திருக்கிறது, தரை சமம், ஓலை பொறுக்க ஏற்கெனவே ஆட்கள் இருக்கிறார்கள், விருந்தினர் பகலில் ஓய்வெடுக்கிற நேரத்தில் பெற்றோல் மெஷின் இரைச்சலும் இல்லை. வந்தாறுமூலையிலும் ஒலுவிலிலும் பல்கலைக்கழக வளாகங்களில் திறந்த புல்வெளி இருக்கிறது. விளையாட்டு மைதானத்துக்கும் சரி, ஆனால் சுற்றுவேலி ஒழுங்காக இருக்க வேண்டும், இல்லையென்றால் கட்டாக்காலி மாடுகள் இரவில் வந்து அன்ரெனாக் கம்பத்தில் உடம்பை உரசி அதைச் சாய்த்துவிட்டுப் போகும். கம்பம் கொஞ்சம் அசைந்தாலே மெஷினின் கணக்கு முழுக்கப் பிசகும்.

பிறகும் வாங்கத்தான் போகிறேன் என்கிறவர்கள் பெட்டியில் போட்டிருக்கிற சதுர மீற்றரைப் பேர்ச்சாக மாற்றிப் பாருங்கள். 1,000 சதுர மீற்றர் என்றால் நாற்பது பேர்ச்சுக்குக் கொஞ்சம் குறைவு, ஒரு ஏக்கர் 4,047. "பெரிய தோட்டத்துக்கு" என்று ஐரோப்பாவில் எழுதுவது இங்கே கால் ஏக்கராக இருக்கலாம். மலை ஏறும் நாலு சில்லு உந்துவிசை என்று கூடுதல் காசு கேட்பார்கள். எங்கள் தரையில் மேடும் இல்லை மலையும் இல்லை, மணலில் புதையாமல் போவதற்கு வேண்டுமானால் அது கை கொடுக்கும். ஐரோப்பாவில் அன்ரெனா இல்லாமல் மொபைல் வழியாகவே திருத்தம் வருகிற சேவையும் விற்கிறார்கள். அது இலங்கையில் வேலை செய்யுமா என்று விற்கிற கடையிடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். வானொலி அலை அனுப்புகிற கருவியை நாட்டுக்குள் கொண்டுவர தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவின் அனுமதி வேண்டும், சுங்கத்தில் மாட்டிக்கொண்டு பிறகு அழுது பயனில்லை. கத்தி அடிக்கடி மாற்ற வேண்டும், பற்றரியும் சில வருசத்தில் போகும், உப்புக் காற்று மின் இணைப்புகளைத் தின்னும். இதெல்லாம் இங்கே கிடைக்குமா, யார் பூட்டித் தருவார்?

இன்னொன்று, கொஞ்சம் விலகிப் போகிறேன். எங்கள் வளவுக்குப் புல்வெட்ட வருகிற தம்பி பெற்றோலில் எண்ணெய் கலந்து ஊற்றி, மெஷினைத் தோளில் மாட்டி, முகத்தைச் சுற்றி ஒரு பழைய சாரம் கட்டி, காலில் ரப்பர் செருப்போடு நிற்பார். தங்கூசி சுழல்கிற வேகத்தில் கல்லும் ஓட்டுத் துண்டும் தெறிக்கும். கெண்டைக்காலில் புல்லும் மண்ணும் பச்சையாக அப்பியிருக்கும், இடையிடையே ரத்தம். கண்ணாடி போட்டு நான் கண்டதில்லை. ரோபோவுக்குச் செலவழிக்கிற காசில் நூற்றில் ஒரு பங்கை எடுத்து ஒரு கண் காப்புக் கண்ணாடி, ஒரு சோடி பூட்ஸ், காதுக்கு ஒரு மூடி வாங்கி அனுப்பச் சொல்லி நான் கேட்டேன். அதற்கு இன்னும் பதில் வரவில்லை, ரோபோவின் படம் மட்டும் புதுசு புதுசாக வருகிறது.

அடுத்த முறை இப்படி ஒரு பக்கம் போடும்போது ஒரு தென்னந்தோட்டத்தில் ஓடவிட்டுப் படம் எடுத்துப் போடுங்கள். பாசிக்குடாவிலோ அறுகம்குடாவிலோ யாராவது ஹோட்டல்காரர் ஒரு மாரியும் ஒரு கோடையும் இதை ஓட்டிப் பார்த்திருந்தால், எத்தனை முறை திருத்தினார், கத்தி எங்கே வாங்கினார் என்று உங்கள் பத்திரிகைக்கு எழுதட்டும், அதை நானும் வாசிக்கக் காத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
கல்குடா.