காசுக்கு வித்த கர்னல் பதவி

ஆசிரியருக்கு வணக்கம். பிரிட்டிஷ் ராணுவச் சீர்திருத்தம் பத்தின கட்டுரை நல்லாத்தான் இருந்துச்சு, ஆனா 1871 வரைக்கும் அங்க ஆபிசர் பதவியவே காசுக்கு வித்தாங்கங்கறத ஒரே வரியில முடிச்சிட்டீங்களே சார். காலாட்படையில அடிமட்ட ஆபிசர் பதவி 450 பவுண்டு, லெப்டினன்ட் கர்னல்னா 4500, இதுபோக மேல கள்ளத்தனமா கைமாறுனது தனி (நம்மூர் பத்திரப்பதிவு மாதிரின்னு வெச்சுக்கங்க!). பீரங்கிப்படையிலயும் பொறியாளர் படையிலயும் இது கிடையாது, அங்க கணக்கு தெரிஞ்சவன் வேணும்ல. இந்த வியாபாரத்த ஒழிக்க போர் மந்திரி கார்டுவெல் கொண்டுவந்த மசோதாவ பிரபுக்கள் சபை இழுத்தடிக்கவும், பிரதமர் கிளாட்ஸ்டன் விக்டோரியா ராணிகிட்ட ஒரு வாரண்ட் (அரச ஆணை) வாங்கி சோலிய முடிச்சிட்டாரு, அப்புறம் காசு குடுத்து பதவி வாங்கின ஆபிசருங்களுக்கு மசோதாவுல இருந்த நஷ்டஈடு போயிடுமேன்னு பிரபுக்களே ஓடிவந்து மசோதாவ பாஸ் பண்ணாங்க. போர்முனையில சிப்பாய்க்கு சாட்டையடி மட்டும் 1881 வரை நிக்கல.