உலக்கைக் கவிதை ஆண்டு: நம் வாசகர் வட்டத்தின் 2024–25 ஆண்டறிக்கை

தலைவர் அவர்களுக்கும் செயற்குழுவினருக்கும் மாடி ஏறி வந்திருக்கும் உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

சென்ற பொதுக்குழுவில் 'மாதம் ஒரு மொழி' என்று தீர்மானம் போட்டோம். முன்மொழிந்தவர் மாற்றலாகி வெளியூர் போய்விட்டார். வழிமொழிந்த நான் மாட்டிக்கொண்டேன். ஏப்ரல் முதல் மார்ச் வரை பன்னிரண்டு கூட்டங்களில் பதினொன்று நடந்தன. ஜனவரிக் கூட்டம் பொங்கலோடு போயிற்று.

முதலில் ஒரு தவறை ஒப்புக்கொள்ள வேண்டும். 'உலகக் கவிதை ஆண்டு' என்று எழுதிக் கொடுத்த நோட்டீஸ் 'உலக்கைக் கவிதை ஆண்டு' என்று அச்சாகி வந்தது. புரூஃப் பார்த்துக் கையெழுத்துப் போட்டவன் நான்தான், அதனால் அச்சகத்தைக் குறை சொல்ல வாயில்லை. மறுபடி அடிக்கக் காசும் இல்லை. அப்படியே விநியோகித்தோம். உலக்கை என்ன விலை என்று இரண்டு பேர் விசாரித்ததாகப் பொருளாளர் சொன்னார். ஒருவர் கேட்டிருக்கலாம், இன்னொருவரைப் பொருளாளர் சேர்த்திருப்பார்.

ஏப்ரலில் ஜப்பான். பாரதியார் 1916இலேயே சுதேசமித்திரனில் ஜப்பானியக் கவிதை பற்றி எழுதிவிட்டார். அப்புறம் நம் ஊரில் மூன்று வரி எழுதியவரெல்லாம் ஹைக்கூக் கவிஞர் ஆகிவிட்டார்கள், நான் உட்பட. ஜப்பானியக் கவிஞர் பாஷோவின் தவளைக் கவிதையை எடுத்து விரல்விட்டு எண்ணினோம். 'ஃபு ரு இ கே யா' ஐந்து, 'க வ ஸு தொ பி கொ மு' ஏழு, 'மி ஸு நொ ஒ தொ' ஐந்து. பழைய குளம், தவளை குதிக்கிறது, தண்ணீர்ச் சத்தம், அவ்வளவுதான். ஜப்பானியர் எண்ணுவது அசையை அல்ல. நெடில் வந்தால் இரண்டு, தனியே நிற்கும் னகர ஒற்றும் ஒன்று என்று கணக்கு. ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஐயா உடனே நிமிர்ந்து, "மாத்திரைன்னு சொல்லுங்க" என்றார். அளவு கொஞ்சம் வேறு என்றாலும் நமக்குப் பழகிய கணக்குத்தான். இன்னொன்றும் கண்டோம். குதித்தது ஒரு தவளையா பல தவளையா என்று ஜப்பானிய மூலத்தில் இல்லை. ஆங்கிலத்தில் ஏதாவது ஒன்றைத் தேர்ந்தாக வேண்டும். தமிழில் அந்தக் கட்டாயம் இல்லை. 'குளத்தில் தவளை கத்துகிறது' என்றால் எத்தனை என்று யார் கேட்கிறார்கள்?

இதை விரிவாகச் சொல்லக் காரணம் உண்டு. நாம் படித்த கவிதைகளில் பெரும்பாலானவை ஆங்கிலம் வழியாக நம்மிடம் வந்தவை. அந்த வழியில் எது கழன்று விழுந்தது, எது புதிதாக ஒட்டிக்கொண்டது என்று தேடுவதே ஆண்டு முழுவதும் எங்கள் வேலையாகிவிட்டது. நான் திட்டமிட்டதில்லை, அது தானாக அமைந்தது.

மே மாதக் கூட்டத்தைச் சிறந்த கூட்டம் என்று தயங்காமல் சொல்வேன். சீனத்தின் தாங் காலத்துக் கவிஞர் வாங் வெய் எழுதிய மான் வேலிக் கவிதை, மொத்தமே இருபது எழுத்து. வரிக்கு ஐந்தாக நான்கு வரி. இந்த ஒன்றின் மூலத்தையும் மொழிபெயர்ப்புகளையும் சேர்த்துப் பத்தொன்பது வடிவங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து அமெரிக்க எழுத்தாளர் எலியட் வைன்பெர்கர் 1987இல் ஒரு சின்னப் புத்தகமே போட்டிருக்கிறார். சொல்லுக்குச் சொல் பெயர்த்துக் கரும்பலகையில் எழுதினோம்: 'வெறுமை, மலை, இல்லை, காண், ஆள். மட்டும், கேள், ஆள், பேச்சு, ஒலி.' அடுத்த இரண்டு வரியில் திரும்பி வரும் வெயில் அடர்காட்டுக்குள் நுழைந்து பச்சைப் பாசிமேல் மறுபடி விழுகிறது.

இந்த மலையில் பார்ப்பவர் யார்? மூலத்தில் 'நான்' என்ற சொல்லே கிடையாது. ஆங்கிலக்காரர்கள் பலர் ஒரு 'நான்'-ஐ உள்ளே கொண்டுவந்து நிறுத்திவிடுகிறார்கள். நம்மவர்கள் செய்த ஏழு மொழிபெயர்ப்பில் நான்கில் 'நான் யாரையும் காணவில்லை' என்று இருந்தது. என்னுடையதும் அந்த நான்கில் ஒன்று. அப்போது வால்பாறையில் எஸ்டேட் வேலை பார்த்துவிட்டு வந்த அக்கா, கவிதை எழுதாதவர், டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார்: "மூடுபனியில அப்படித்தான் இருக்கும். ஆள் தெரியாது, பேச்சு மட்டும் கேக்கும்."

ஒரு நிமிடம் யாரும் பேசவில்லை. முதல் இரண்டு வரியும் அப்படியே வந்துவிட்டது. தெரிகிறது, கேட்கிறது என்ற சொற்களுக்குப் பார்ப்பவரும் கேட்பவரும் நடுவில் வந்து நிற்கத் தேவையில்லை. இத்தனை நாள் வாயில் புழங்கிய சொல்லை விட்டுவிட்டு 'காணவில்லை', 'செவியுறுகிறேன்' என்றெல்லாம் தேடி அலைந்திருக்கிறோம். அக்காவின் வரி நம் மினிட்ஸ் புத்தகத்தில் பதிவாகியிருக்கிறது.

ஜூன் மாதம் வங்காளம். தாகூரின் கீதாஞ்சலி என்று நாம் சொல்வது இரண்டு புத்தகம். 1910இல் வந்த வங்காளப் புத்தகத்தில் 157 பாடல்கள். 1912இல் வந்த ஆங்கிலப் புத்தகத்தில் 103. அந்த 103இலும் ஏறத்தாழப் பாதிதான் வங்காள கீதாஞ்சலியில் உள்ளவை, மற்றவை வேறு தொகுப்புகளில் இருந்து அவரே எடுத்துச் சேர்த்தவை. 1913இல் நோபல் பரிசுக் குழு வாசித்தது இந்த ஆங்கிலப் புத்தகத்தை. இதெல்லாம் எனக்கு ஜூன் மாதம்தான் தெரியும்.

பைபாஸ் பக்கத்து ஓட்டலில் பரோட்டா மாஸ்டருக்கு உதவியாக இருந்த முர்ஷிதாபாத் தம்பியை நம் துணைச் செயலாளர் கையோடு கூட்டிவந்தார். முதலாளியிடம் ஒரு மணி நேரம் பர்மிஷன். 'மனம் எங்கே அச்சமின்றி இருக்கிறதோ' என்ற பாடலை அவரிடம் கேட்டோம். நாங்கள் இறக்கி வைத்திருந்த வங்காள கீதாஞ்சலியில் அதைத் தேடித் தேடிக் கிடைக்கவில்லை. தம்பி சிரித்தார். "அண்ணா, இது கீதாஞ்சலி இல்ல. நைபேத்ய. ஸ்கூல்ல படிச்சிருக்கோம்" என்றார். 1901இல் வந்த 'நைவேத்ய' என்ற தொகுப்பு. பிறகு எழுந்து நின்று, பள்ளியில் ஒப்பிப்பதுபோல் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு முழுவதையும் சொன்னார்.

கடைசிக்கு முந்தைய வரியில் ஒரு சொல் காதில் தட்டியது. 'நிர்தய ஆகாத்'. என்ன தம்பி அது என்றேன். தெரிந்த தமிழை வைத்துக்கொண்டு உள்ளங்கையில் குத்திக் காட்டினார். "இரக்கம் இல்லாம அடி." வங்காளத்தில் அந்தப் பாடல், தந்தையே, உன் கையாலேயே இரக்கமில்லாமல் அடித்து பாரதத்தை அந்த சொர்க்கத்தில் எழுப்பு என்று முடிகிறது. ஆங்கிலத்தில் தாகூரே அந்த அடியை எடுத்துவிட்டார். என் தேசம் விழிக்கட்டும் என்று சாந்தமாக முடித்துவிட்டார். பாரதம் என்ற பெயரும் போய் 'என் தேசம்' ஆகிவிட்டது. பள்ளி ஆண்டுவிழாக்களில் நாம் எத்தனை முறை ஒப்பித்திருப்போம்! ஒருநாளும் அந்த அடி நம்மேல் விழவில்லை. தம்பிக்குப் பொன்னாடை போர்த்தினோம். கூச்சத்தில் அதை மடித்துச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு வேலைக்கு ஓடினார்.

ஜூலையில் உருது. பள்ளிவாசல் தெரு பாய் ஒருவர் உருதுக் கவிஞர் காலிப்பின் கஜல்கள் (ஈரடிகளாக வரும் கவிதைகள்) இரண்டை ஓதிக் காட்டி, ஈரடியின் முடிவில் திரும்பத் திரும்ப வருவது ரதீஃப், அதற்கு முன் ஒலி ஒத்து வருவது காஃபியா என்று விளக்கினார். கவிக்கோ அப்துல் ரகுமான் தமிழில் கஜல் எழுதியது அவருக்குத் தெரிந்திருந்தது, எங்களில் மூவருக்குத் தெரியாதிருந்தது.

ஆகஸ்டில் உகாண்டா. அச்சோலி மொழியில் ஒகோட் ப'பிடெக் எழுதி, 1966இல் அவரே ஆங்கிலத்தில் தந்த 'லவினோவின் பாட்டு'. வெள்ளைக்காரனைப்போல நடக்கும் புருஷனை வீட்டுக்காரி நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்கிறாள். அம்மா வீட்டு அடுப்படி, அரைக்கும் கல், எல்லாம் வருகிறது. பழைய மனையில் உள்ள பூசணிக்கொடியைப் பிடுங்காதே என்பது அவர்கள் பழமொழி. மொழிபெயர்த்ததில் கழுகின் சிறகைக் கொஞ்சம் நறுக்கிவிட்டேன் என்று ஒகோட்டே ஒத்துக்கொண்டிருக்கிறார், பாராட்ட வேண்டிய நேர்மை.

அன்றைக்குத்தான் நம் நோட்டீஸ் பிழையும் பலித்தது. உறுப்பினர் ஒருவரின் தாயார், உலக்கைக் கவிதை என்று படித்துவிட்டு, நெல் குத்தும்போது பாடுகிற பாட்டைக் கேட்கத்தான் கூப்பிடுகிறார்கள் என்று நிஜமாகவே நம்பி வந்திருந்தார். விடவில்லை, பாடச் சொன்னோம். கையை உலக்கை பிடிப்பதுபோல் வைத்தால்தான் வரி ஞாபகம் வருகிறது என்று எழுந்து நின்று மூன்று பாட்டுப் பாடினார். தமிழாசிரியர் ஐயா குறுந்தொகை 89ஐ எடுத்தார். அதில் பரந்த அடியுள்ள உரலில் குத்திக்கொண்டு பெண்கள் வள்ளை, அதாவது உலக்கைப் பாட்டுப் பாட, அயலார் குறை பேசுகிறார்கள். உரலும் பாட்டும் ஊர்வாயும் அன்றைக்கே இருந்திருக்கின்றன. அம்மாவின் பாட்டுகளை மொபைலில் பதிவு செய்தோம். பின்னணியில் மின்விசிறிச் சத்தம் அதிகம், மன்னிக்கவும்.

செப்டம்பர் கூட்டம் பற்றி எழுதாமல் தாண்டிவிடலாம் என்று செயற்குழுவில் ஒரு கருத்து வந்தது. நான் எழுதுகிறேன். ஸ்பானிஷ் மொழிக்கு பாப்லோ நெருதாவை எடுத்தோம். அவருடைய காதல் கவிதைகளை மனப்பாடமாகச் சொல்கிறவர்கள் நம்மில் நான்கு பேராவது உண்டு. 1929இல் அவர் கொழும்பில் சிலி நாட்டுத் தூதரக அதிகாரி, வெள்ளவத்தையில் குடியிருப்பு. அவர் இறந்த மறு ஆண்டு, 1974இல் வெளிவந்த தன்வரலாற்றில் அந்த வீட்டுக் கக்கூஸ் வாளியை அள்ள வந்த பெண்ணைப் பற்றி ஒரு பக்கம் எழுதியிருக்கிறார். தமிழ்ப் பெண், தாழ்த்தப்பட்ட சாதி என்று அவரே சொல்கிறார். பேசிக்கொள்ளப் பொதுவாக ஒரு மொழி இல்லை என்கிறார். ஒருநாள் அவள் மணிக்கட்டைப் பிடித்து இழுத்துப் போனதையும், அவள் கண்ணைத் திறந்தபடியே சிலைபோல் கிடந்ததையும், தன்னை அவள் வெறுத்தது நியாயம் என்பதையும் எழுதுகிறார். பெயர் எழுதவில்லை. சாந்தியாகோ விமான நிலையத்துக்கு அவர் பெயரை வைக்க 2018இல் முயற்சி நடந்தபோது அந்நாட்டுப் பெண்ணியர்கள் இந்தப் பக்கத்தைக் காட்டித்தான் எதிர்த்தார்கள்.

கவிதை வேறு, ஆள் வேறு என்று மூத்த உறுப்பினர் ஒருவர் ஆரம்பித்தார். குரல்கள் உயர்ந்தன. எப்போதும் கடைசி நாற்காலியில் உட்காரும் அக்கா, "அவ ஏதாவது சொல்லியிருப்பாள்ல. தமிழ்லதான சொல்லியிருப்பா. அது அந்த ஆளுக்குப் புரியல, அதனால எழுதல" என்றார். அதற்குப் பதில் சொல்ல யாரும் இல்லை. காதல் கவிதைகளை அன்று வாசிக்கவில்லை. கூட்டம் நாற்பது நிமிடத்தில் முடிந்தது. உறுப்பினர் இருவர் இன்னும் ஒருவரோடொருவர் பேசுவதில்லை என்பதையும் பதிவு செய்கிறேன்.

அக்டோபரில் போலந்துக் கவிஞர் ஷிம்போர்ஸ்கா. ஏன் இவ்வளவு குறைவாக எழுதினீர்கள் என்று கேட்டால், வீட்டில் குப்பைத்தொட்டி இருக்கிறது என்பாராம். நம் கவியரங்கக் கவிஞர்களுக்கு இதை எழுதிச் சட்டம் போட்டுத் தரலாம் என்று தீர்மானம் வந்தது, தோற்றது.

நவம்பரில் நல்ல மழை. ஏழு பேர்தான் வந்தோம், கரண்டும் போயிற்று. ஆனால் அன்றைக்கு எடுத்திருந்தது ரஷ்யக் கவிஞர் அக்மதோவாவின் 'இரங்கற்பா'. லெனின்கிராட் சிறை வாசலில் மகனுக்காக வரிசையில் நின்றவர். காகிதத்தில் வைத்திருந்தால் ஆபத்து என்று, துண்டுத்தாளில் எழுதித் தோழியிடம் நீட்டி, அவர் மனப்பாடம் செய்ததும் சாம்பல் கிண்ணத்தில் எரித்துவிடுவார். ரஷ்யாவில் அது முழுதாக அச்சேற 1987 ஆயிற்று. மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் நாமும் முயன்றோம். எட்டு வரியை இருமுறை படித்துவிட்டுத் தாளைக் கவிழ்த்தோம். முழுதாகச் சொன்னவர் ஒருவர்தான், ஓதுவாரிடம் தேவாரம் பயின்றவர். பட்டதாரிகள் மூன்றாம் வரியில் நின்றோம்.

டிசம்பரில் பாரசீகம். ஆண்டின் நீண்ட இரவில் ஈரானியர் கவிஞர் ஹாஃபிஸின் தொகுப்பைத் திறந்து, கண்ணில் படும் கஜலைக் குறியாகக் கொள்வார்கள். நாம் திருமுறையில் கயிறு சாத்திப் பார்ப்பதில்லையா, அதேதான். பிப்ரவரியில் ரஷ்யாவின் தாகெஸ்தான் பகுதியைச் சேர்ந்த அவார் மொழிக் கவிஞர் ரசூல் கம்சதோவ். போரில் மடிந்த வீரர்கள் வெண்ணாரைகளாகப் பறக்கிறார்கள் என்ற அவர் கவிதை ஹிரோஷிமா போய்வந்த பிறகு எழுதியது. ரஷ்ய மொழிபெயர்ப்பில் 'ஜிகித்துகள்', அதாவது காகசஸ் மலைநாட்டுக் குதிரைவீரர்கள் என்று இருந்ததைப் பாடகர் பெர்னெஸ் 'சிப்பாய்கள்' என்று மாற்றச் சொன்னார். பாட்டு சோவியத் நாடு முழுக்கப் பரவியது, மலைவீரன் மட்டும் காணாமல் போனான். மார்ச் 21, உலகக் கவிதை நாளன்று, அவரவருக்குப் பிடித்ததை அவரவர் வாசித்தோம். வழக்கம்போல் நேரம் போதவில்லை.

கணக்கு. முன்னிருப்பு 4,310 ரூபாய். சந்தா 46 பேரிடம் 9,200. நன்கொடை 3,500. ஆக வரவு 17,010. செலவில் நோட்டீஸ் 1,450, புத்தகம் 4,875, ஜெராக்ஸ் 1,640, மைக் வாடகை 1,200, டீ வடை 5,280. ஆகச் செலவு 14,445 போகக் கையிருப்பு 2,565. புத்தகத்தை வடை மிஞ்சிவிட்டதாகத் தணிக்கையாளர் குறிப்பு எழுதியிருக்கிறார். அவரும் சாப்பிட்டவர்தான்.

வரும் ஆண்டுக்குச் செயற்குழுவின் பரிந்துரை இதுதான். மொழியை வரைபடத்தில் தேடாமல் ஊருக்குள் தேடுவது. வங்காளத் தம்பி திருப்பூருக்கு வேலை மாறிவிட்டார், ஆனால் அதே ஓட்டலில் இப்போது ஒடிசாக்காரர் இருவர் இருக்கிறார்கள். இரும்புக்கடைச் சேட் வீட்டுப் பாட்டிக்கு ராஜஸ்தானிப் பாட்டுகள் தெரியும் என்கிறார்கள். துணைச் செயலாளர் பேசி வைத்திருக்கிறார். நெருதாவின் தன்வரலாற்றை நூலகப் பையோடு எடுத்துச் சென்ற உறுப்பினர் திருப்பித் தரவும், புத்தகம் வேறொருவருடையது.

ஏப்ரல் கூட்டத்துக்கான நோட்டீஸ் நாளை அச்சுக்குப் போகிறது. புரூஃபை இந்த முறை வேறு யாராவது பாருங்கள்.

இப்படிக்கு,
செயலாளர்