கதவடியில் ஒரு துணிப்பாம்பு

லீட்ஸ், இங்கிலாந்து,
19.1.2025, ஞாயிறு

அன்புள்ள அப்பாவுக்கு,

பொங்கலுக்கு மறுநாள் உங்கள் கடிதம் வந்தது. போனில் பேசினால் பாதி காதில் விழவில்லை, மீதியை அம்மா தன் இஷ்டத்துக்கு மாற்றிச் சொல்கிறாள் என்று எழுதியிருந்தீர்கள். கையெழுத்து செல்வியுடையது, திட்டு உங்களுடையது. நாலு மாதமாக ஒரு வரி எழுதாதது என் தப்புதான்.

வீடு ஒழுகுகிறதா என்று கேட்டிருந்தீர்கள். ஒழுகவில்லை. ஆனால் இந்த வீட்டைப் பார்த்தால் நீங்கள் சிரிப்பீர்கள். வரிசையாகச் செங்கல் வீடுகள். என் பின்சுவர்தான் பின்தெரு வீட்டுக்கும் பின்சுவர். கொல்லையும் இல்லை, பின்வாசலும் இல்லை. முதுகோடு முதுகு ஒட்டி 1937 வரை இங்கே இப்படிக் கட்டியிருக்கிறார்கள். மூன்று பக்கம் அடுத்தவர் சுவர், முன்பக்கம் மட்டும் தெரு. சுற்றி ஆள் இருந்தால் அவர்கள் வீட்டுச் சூட்டில் கொஞ்சம் நமக்கும் வரும். எனக்குப் பின்வீடு ஆறு மாதமாகக் காலி. கட்டிலை அந்தச் சுவரிலிருந்து ஒரு முழம் தள்ளிப் போட்டுவிட்டேன், இப்போது பரவாயில்லை.

பக்கத்து வீட்டுக் கிழவியைப் பற்றி அம்மாவிடம் சொல்லியிருக்கிறேன். 82 வயது. தபால்காரர், பால்காரர், நான், எல்லோரையும் 'லவ்' என்றுதான் கூப்பிடுவாள். முதல் நாள் எனக்குக் காதெல்லாம் சிவந்துவிட்டது. வீட்டுக்குள்ளேயே தொப்பி, கோட்டு. சமையலறை நாற்காலியிலேயே தூங்குவாள். ஒரு அறைக்கு மேல் சூடாக்க மாட்டாள். கதவடி இடுக்கில் வாடைக்காற்று வராமல் இருக்க, பழைய காலுறைகளை அடைத்து நீளமாகப் பாம்பு மாதிரி தைத்துப் போட்டிருக்கிறாள். கண்ணுக்கு இரண்டு சட்டைப் பொத்தான். கிறிஸ்துமஸுக்கு எனக்கும் ஒன்று தைத்துத் தந்தாள். ராத்திரி விளக்கில்லாமல் எழுந்து வந்து அதை மிதித்துவிட்டேன், உடம்பு தூக்கிவாரிப் போட்டது. நம் ஊர்க்காரனுக்குப் பாம்பு பாம்புதானே.

இங்கே கரண்டுக்குச் சாவி, கேஸுக்கு அட்டை. பெட்டிக்கடையில் பணம் கட்டி ஏற்றிக்கொண்டு வந்து மீட்டரில் போட வேண்டும். தீர்ந்தால் கொஞ்சம் கடன் கொடுக்கும். அதுவும் தீர்ந்தால் இருட்டு. ராத்திரியிலும் சனி ஞாயிறிலும் மட்டும் துண்டிக்க மாட்டார்கள். இதெல்லாம் கிழவியிடம் கேட்டுத் தெரிந்துகொண்டது.

அவளுக்குக் குளிர்காலத்துக்கென்று அரசாங்கம் 300 பவுண்ட் கொடுத்துவந்தது. இந்தக் குளிரிலிருந்து வருமானம் குறைந்த முதியவர்களுக்கான பென்ஷன் கிரெடிட் மாதிரி உதவி வாங்குபவர்களுக்கு மட்டும்தான் என்று ஆக்கிவிட்டார்கள். அவள் பென்ஷன் அந்த எல்லையை ஏதோ சில்லறைக் கணக்கில் தாண்டுகிறதாம். இதை என்னிடம் பத்து தடவையாவது சொல்லியிருப்பாள். ஒவ்வொரு தடவையும் கோபம் புதுசாக வரும்.

ஆனால் கவுன்சில், நம் ஊர் நகராட்சி மாதிரி, அவளைக் கைவிடவில்லை. கேஸ், கரண்ட் கம்பெனிகள் தங்கள் செலவில் ஏழைகள் வீட்டைக் குளிர் புகாமல் சரிசெய்ய வேண்டும் என்று சட்டம் இருக்கிறது. வருமானம் குறைவு, குளிரால் மோசமாகும் நோய், இப்படிப்பட்டவர்களுக்குக் கவுன்சில் கையெழுத்துப் போட்டால் வேலை நடக்கும். கிழவிக்கு மூச்சிளைப்பு. நவம்பரில் ஒருவர் வந்து ஒரு கேமராவால் சுவரைக் காட்டினார். சூடு ஓடிப்போகிற இடமெல்லாம் சிவப்பாகத் தெரிந்தது. கரண்ட், கேஸை எவ்வளவு மிச்சப்படுத்துகிறது என்று வீட்டுக்கு ஏ முதல் ஜி வரை மார்க் உண்டு, ஏ நல்லது, ஜி மோசம். அவளுக்கு எஃப்.

டிசம்பரில் முன்சுவரில் பலகை ஒட்டினார்கள். என்ன பலகை என்கிறீர்கள்? நாம் மீனை ஐஸ் போட்டு அனுப்புகிற பெட்டி இருக்கிறதே, அந்தத் தெர்மகோல்தான்! அங்கே குளிர் வெளியே போகாமல் இருக்க, இங்கே சூடு வெளியே போகாமல் இருக்க. வெட்டும்போது தூள் தெருவெல்லாம் பறந்தது. ஒரு துண்டை எடுத்து மூக்கருகே வைத்துப் பார்த்தேன். மீன் வாடை இல்லை, எதுவும் இல்லை. தேவிபட்டினம் கரையில் விடியக்காலை நீங்கள் பெட்டி அடுக்குவீர்கள், நான் தூக்கக் கலக்கத்தில் ஐஸ் இடிப்பேன். கையில் அந்தத் துண்டோடு கொஞ்ச நேரம் வாசலிலேயே நின்றுவிட்டேன். வேலை செய்தவர் குப்பை என்று நினைத்து வாங்கிக்கொண்டு போனார்.

பலகை அவள் வீட்டு எல்லையோடு நின்றுவிட்டது. என் வீடு வாடகை வீடு, ஓனர் சம்மதிக்க வேண்டும், அவர் போனே எடுப்பதில்லை. வாடகைக்கு விட ஈ மார்க் இருந்தால் போதும், என் வீடு அதில் தேறிவிட்டது. அதனால் அந்தப் பக்கம் வெள்ளை, இந்தப் பக்கம் பழைய கரிச்செங்கல், நடுவில் கோடு கிழித்த மாதிரி.

வீட்டு மார்க் டி அல்லது அதற்குக் கீழே இருந்து, சூட்டுக்குக் கொடுத்ததுபோக மிஞ்சுவது வறுமைக்கோட்டுக்குக் கீழே போனால் அதற்கு இங்கே எரிபொருள் வறுமை என்று தனிப் பெயரே உண்டு. அப்பத்தா சீமைக்கருவேலச் சுள்ளிக்கு அலைந்தபோது அதை விறகுப் பஞ்சம் என்றுதான் சொன்னாள். நான் அந்தக் கணக்கில் இல்லை, கவலைப்படாதீர்கள். என் விசாவில் அரசு உதவித்தொகை வாங்கக் கூடாது என்று எழுதியே இருக்கிறது, எனக்கு அது தேவையும் இல்லை. லீவு நாளில் நூலகத்துக்குப் போய்விடுவேன். 2022இல் கேஸ், கரண்ட் விலை ஏறியதிலிருந்து, குளிரில் யார் வேண்டுமானாலும் வந்து சும்மா உட்காரலாம் என்று கவுன்சில்கள் நூலகங்களைத் திறந்து வைத்திருக்கின்றன. நான் பேப்பர் படிக்கத்தான் போகிறேன். மூடும்வரை இருப்பேன். நாலரைக்கே இருட்டத் தொடங்கிவிடுகிறது.

அடுப்படிக் கூரைக்கு வருவோம். ஓலை வேய ஆள் கிடைக்கவில்லை, தகரம் போட்டுவிடலாம் என்று எழுதியிருக்கிறீர்கள். வேண்டாம் அப்பா. சித்திரையில் அம்மா அதற்குள் நிற்க முடியாது. இங்கே பரணில் 270 மில்லிமீட்டர், ஒரு சாணுக்கும் மேலே, கண்ணாடிப் பஞ்சு விரிக்கச் சொல்கிறார்கள். நம் பனையோலை அந்த வேலையைச் சும்மாவே செய்துகொண்டிருந்தது. தகரம்தான் என்றால் அதன் மேல் ஓலை பரப்பி, பழைய வலையைப் போட்டு இழுத்துக் கட்டச் சொல்லுங்கள். மாமாவுக்கு அந்தக் கட்டு தெரியும்.

இந்த மாதம் பத்தாயிரம்தான் அனுப்ப முடிந்தது. ஷிப்ட் கணக்கை மாற்றியிருக்கிறார்கள், வேறொன்றும் இல்லை. அதில் முதலில் செல்வி வளையலுக்கு வட்டி கட்டிவிடுங்கள். கெடு மாசி பத்தாம் தேதி. அசலை ஆனியில் பார்த்துக்கொள்ளலாம். எஞ்சின் சீட்டை இந்தத் தவணை எடுக்க வேண்டாம், ஏலத்தில் அதிகம் தள்ளிக் கேட்பார்கள், ஏப்ரல் 15இல் மீன்பிடித் தடைக்காலம் தொடங்கினால் கட்ட முடியாது. அடகு ரசீது டிரங்குப் பெட்டியில், என் பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்டுக்கு அடியில் இருக்கிறது. அம்மாவுக்குத் தெரியாது, செல்வியை விட்டு எடுக்கச் சொல்லுங்கள்.

உங்கள் மகன்,
முருகேசன்